அண்ணாச்சியின் மக்ரூன் டப்பா

கல்கத்தாவில் இருபது வருஷம் குடியிருந்தும் ரசகுல்லாவை ஒரு பண்டமாகவே மதிக்காதவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் பவானிபூர் லாட்ஜில் அவருக்கு மக்ரூன் அண்ணாச்சி என்று பெயர். ஊர் தூத்துக்குடி, கல்கத்தா துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் வேலை. ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் ஒரு தகர டப்பா நிறைய மக்ரூன் கொண்டுவருவார். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி சேர்த்து அடித்துச் சுட்ட, கூம்பு கூம்பான வெள்ளைப் பண்டம். லாட்ஜில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மாத்திரைக்கு முன்னால் ஒரு மக்ரூன் தருவார்.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு, ஐந்தாறு ஊர் சுற்றி, அவர் அறையில் வந்து விழுந்தவன். வேலை கிடைக்காத நாட்களில் அந்த டப்பாதான் எனக்கு மதியச் சாப்பாடு. அவர் கிளம்பியதும் திறப்பேன். அவர் பூட்டியதும் இல்லை, கேட்டதும் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கரியாஹாட்டில் ஒரு கேக் கடை வந்தது. பிரெஞ்சு மாக்கரோன், ஜப்பான் கேக் என்று கண்ணாடிக்குள் அடுக்கியிருந்தார்கள்.

"நம்ம சரக்குக்குக் கலர் அடிச்சு வச்சிருக்கானுவ" என்று அண்ணாச்சி கொதித்தார். மக்ரூன்தான் உசத்தி என்று கடைக்கார அம்மாளே சொல்லாவிட்டால், லாட்ஜில் அத்தனை பேர் முன்னால் ஒரு பானை ரசகுல்லா தின்பதாகச் சபதம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு புறப்பட்டார். சாட்சிக்கு நான்.

முதலில் ரோஸ் மாக்கரோனைக் கடித்தார். "முட்டை அடிச்ச கை நல்ல கைதான். ஆனா பாதாம் போட்டிருக்காவ. முந்திரிக்கு என்ன கேடு?"

ஜப்பான் கேக் பச்சைத் தேயிலைத் தூளில் செய்தது. "டீயக் குடிக்காம கடிச்சுத் திங்கான். கெட்டிக்காரன்தான்."

அடுத்தது, அரிசி மாவு உருண்டைக்குள் பயறுப் பூரணம். "இது கொழுக்கட்டை. யாருகிட்ட?"

மூன்றையும் துளி மிச்சமில்லாமல் தின்று முடித்துவிட்டுத்தான் கடைக்கார அம்மாளைக் கூப்பிட்டு டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒன்றே ஒன்று கிடந்தது. முந்தின நாள் எனக்குப் பசி அதிகம். இப்போது வேர்த்துவிட்டது.

அண்ணாச்சி அதைத் தட்டில் வைத்து, தெரிந்த வங்காள மொழியில், "சாப்பிட்டுப் பாருங்க, தீதி" என்றார். அங்கே அக்காவுக்குத் தீதி, அண்ணனுக்குத் தாதா.

அந்த அம்மாள் பாதியைக் கடித்தாள். மெல்லவே இல்லை, அது தானாகக் கரைந்தது. மீதியை உள்ளே கொண்டுபோய் மாஸ்டரிடம் கொடுத்தாள். இரண்டு பேருமாக வெளியே வந்தார்கள்.

"எங்களோடதைவிட இதுதான் உசத்தி, தாதா. இன்னொண்ணு இருக்கா?" என்றாள் அம்மாள்.

அண்ணாச்சி, ஓடுகிற ரயிலைக் கையால் நிறுத்தியவர் மாதிரி மொத்தக் கடையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு காலி டப்பாவை மூடி என் கையில் கொடுத்தார்.

"இல்ல தீதி. நம்ம தம்பிக்கு இது ரொம்பப் பிடிக்கும். அதான் மிஞ்சுறதே இல்ல."

அடுத்த தடவை ஊரிலிருந்து இரண்டு டப்பாவோடு வந்தார். ஒன்று கரியாஹாட் கடைக்கு. இன்னொன்றை என் தலைமாட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.