ஒரு பாட்டில் சொட்டு மருந்தும் கறுப்புக் காலரும்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு தொற்றுநோயைத்தான் பரப்பியிருக்கிறேன். ஆனால் பரப்பியதை ஒழுங்காகப் பரப்பினேன். ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் செக்ஷன் முழுக்க, தையல் லைனில் பாதி, முதலாளி, கடைசியில் என்னைப் பெற்ற அப்பா என்று யாரையும் விடவில்லை. அதுவும் இருமியோ தும்மியோ அல்ல. மருந்து கொடுத்தே பரப்பினேன். (இந்தப் பாக்கியம் எல்லோருக்கும் கிடைத்துவிடாது.)

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. சாமளாபுரத்திலிருந்து பஸ் ஏறி, திருப்பூரில் இன்னொரு பஸ் மாறி வர வேண்டும். அப்பா சொந்தமாக நான்கு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கம்பெனி வேலைக்கு அனுப்ப அவருக்குத் துளியும் மனமில்லை. நான் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்து (அதாவது அவர் பார்க்கும்போது சாப்பிடாமல் கிடந்து) சம்மதம் வாங்கினேன். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார்.

"போயிட்டு வா கண்ணு, வேண்டாங்கல. ஆனா உன்ற வேலையில ஒரு குத்தம் குறைன்னு என்ற காதுக்கு வந்துச்சுன்னா, அன்னிக்கே ஊட்டுக்கு வந்தரோணும். அப்பறம் கம்பெனிப் பேச்சே எடுக்கப்படாது."

"செரிங்கப்பா" என்றேன். என்ன குறை வந்துவிடப் போகிறது என்ற தைரியம்தான்.

எனக்குக் கொடுத்திருந்த வேலை, ஷேடு பார்ப்பது. டீ-ஷர்ட்டின் உடம்புத் துணி ஒரு பக்கம் சாயமாகி வரும், காலர் இன்னொரு பக்கம் சாயமாகி வரும். இரண்டும் ஒரே நிறமா என்று லைட் பாக்ஸ் என்கிற விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து நான் சீட்டில் 'ஓகே' எழுதினால்தான் தையலுக்குப் போகும். மற்றவர்களுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு சிவப்பில் எது ஒரு பொட்டு அடர்த்தி என்று சொல்லிவிடுவேன். "அம்மிணிக்குக் கழுகுக் கண்ணுங்க" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். எனக்குத் தலை கால் புரியாது.

அந்தக் கழுகுக் கண்ணில்தான் ஒரு திங்கட்கிழமை காலை மெட்ராஸ் ஐ வந்தது.

இமை இரண்டும் பசை வைத்தது போல ஒட்டிக்கொண்டிருந்தன. கம்பெனிக்குப் போகிற வழியில் இருந்த டாக்டரம்மாவிடம் போனேன். அவர் தெளிவாகத்தான் சொன்னார். இது வைரஸால் வருவது, ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே சரியாகிவிடும். சொட்டு மருந்து எரிச்சல் அடங்குவதற்கு மட்டும்தான். கண்ணைத் தொட்ட கையோடு எதையும் தொடக் கூடாது, அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். துண்டும் தலையணையும் தனியாக இருக்க வேண்டும். மருந்து பாட்டிலை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. முக்கியமாக, சரியாகும்வரை வேலைக்குப் போகக் கூடாது.

இவ்வளவில் என் காதில் ஏறியது 'சொட்டு மருந்து' என்ற இரண்டு வார்த்தை மட்டும். லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தால் அப்பா அப்படியே உட்கார வைத்துவிடுவார் என்ற பயம் எனக்கு. தவிர, மெட்ராஸ் ஐ எப்படிப் பரவும் என்பதில் எனக்கு டாக்டரைவிட உறுதியான கருத்து இருந்தது. பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். ஊரே அப்படித்தான் சொல்கிறது. ஆகவே யாரும் என் கண்ணைப் பார்க்காமல் மறைத்துவிட்டால் முடிந்தது கதை. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டினேன். அது நெற்றியில் ஆரம்பித்துக் கன்னத்தில் முடிந்தது.

செக்கிங் டேபிளில் எனக்குப் பக்கத்து இருக்கை மரியபுஷ்பம் அக்காவுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து திருப்பூரில் தங்கியவர்.

"ஏளா, இது என்ன கோலம்? சினிமால நடிக்கப் போறியா?"

"மெட்ராஸ் ஐங்க்கா. கண்ணைப் பாத்தராதீங்க, ஒட்டிக்கும்."

அக்கா நல்லபிள்ளையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கண்ணாடிக்குக் கீழே விரலை விட்டுக் கண்ணைக் கசக்கிவிட்டு, அதே கையால் அவரிடம் டீ-ஷர்ட் பீஸை எடுத்துக் கொடுத்தேன். வியர்த்தால் அவருடைய துண்டிலேயே முகத்தைத் துடைத்தேன். நாள் முழுக்க அவர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. புதன்கிழமை காலை அவர் கண் தக்காளியாகச் சிவந்திருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. என்னால்தானே வந்தது என்று என் பாட்டிலை எடுத்து, அவர் தலையைச் சாய்த்து, கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டேன். பாட்டில் மூக்கு அவர் இமையில் நன்றாகவே இடித்தது. பிறகு எனக்கும் இரண்டு சொட்டு. அடுத்த நாள் டீ நேரத்தில் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அதற்கடுத்த நாள் வரிசையே நின்றது. கண் சிவந்தவர்கள் மட்டுமல்ல, 'எதற்கும் இருக்கட்டும்' என்று நல்ல கண்ணோடு வந்தவர்களுக்கும் விட்டேன். ஒரே பாட்டில், அத்தனை கண். தீரத் தீர நானே புதிது வாங்கி வந்தேன். எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள். போன பிறவியில் நான் நர்ஸாக இருந்திருப்பேன் என்றார் அக்கா.

வேண்டாமென்று சொன்ன ஒரே ஆள், அயர்ன் டேபிளில் நின்ற ஒடிசாக்காரர் பபுலு. சட்டைப் பையில் பிளாஸ்டிக் டப்பாவில் எப்போதும் ஒரு சோப்பு வைத்திருப்பார். யாரிடமாவது பீஸ் வாங்கினாலே குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வருவார்.

"வேணா மேடம். என் கண்ணு நல்லா இருக்கு."

"நல்ல கண்ணுக்குத்தான் மொதல்ல உடோணும், பபுலு."

"நல்ல கண்ணுக்கு எதுக்கு மேடம் மருந்து?"

இந்தக் கேள்விக்கு எங்களால் சிரிக்கத்தான் முடிந்தது.

வீட்டிலும் சேவையை நிறுத்தவில்லை. பஞ்சுத் தூசியில் கண் உறுத்துகிறது என்று அப்பா சொன்னார். நானே ஓடிப்போய் விட்டேன். இரண்டு நாளில் அவருக்கும் வந்துவிட்டது. அவருக்கும் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிக் கொடுத்தேன். முதலில் வெட்கப்பட்டார். பிறகு கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

அடுத்த வாரம் எங்கள் கம்பெனியைப் பார்த்தவர்கள் பயந்திருப்பார்கள். ஷிப்மெண்ட் நெருக்கத்தில் யாரும் லீவு போட முடியாது என்று முதலாளியே ஒரு டஜன் கூலிங் கிளாஸ் வாங்கி வந்து கொடுத்து, தனக்கும் வந்துவிட்டதால் தானும் ஒன்றை மாட்டிக்கொண்டார். டெய்லர், செக்கர், சூப்பர்வைசர் எல்லோரும் கறுப்புக் கண்ணாடியோடு குனிந்து வேலை செய்துகொண்டிருந்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்குள் என் கண் சரியாகிவிட்டிருந்தது. ஆனால் பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண் என் கண்ணாடியை எங்கே வாங்கியது என்று கேட்டுவிட்டாள். அதன் பிறகு கழற்ற மனம் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் நேவி புளூ ஆர்டருக்கான காலர் வந்தது. அடர்நீல உடம்பு, அதே அடர்நீலக் காலர். சாயப்பட்டறையில் மூட்டை மாறி, இன்னொரு கம்பெனியின் கறுப்புக் காலர் எங்களுக்கு வந்திருக்கிறது. நான் லைட் பாக்ஸில் விளக்கைப் போட்டேன். துணியை வைத்தேன். காலரைப் பக்கத்தில் வைத்தேன். இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, ஒரு நிபுணரின் நிதானத்தோடு பார்த்தேன். கூலிங் கிளாஸைக் கழற்றாமல் பார்த்தேன். 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு வேறு.

காலர் தைத்தவர்கள் கண்ணாடி போட்டிருந்தார்கள். செக் செய்தவர்களும் கண்ணாடி போட்டிருந்தார்கள். மறுநாள் மத்தியானம் பபுலு ஒரு டீ-ஷர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மேடம், பாடி நீலம். காலர் கறுப்பு."

"பபுலு, ஷேடு பாக்கறது நானா நீங்களா? போயி அயர்ன் பண்ணுங்க."

பபுலு என்னையும் டீ-ஷர்ட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். போகிற வழியில் கை கழுவினார்.

புதன்கிழமை காலை, மூக்கில் வழிந்த வியர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். எதிரே ஜன்னல் வெளிச்சத்தில் தைத்து முடித்த பீஸ்கள் குவியலாக இருந்தன. ஒவ்வொரு நீல டீ-ஷர்ட்டின் கழுத்திலும் கறுப்பு. மறுநாள் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையரின் ஆள் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார். சொல்லாமல் விட்டால் கம்பெனி மானம் போகும். சொன்னால் என் வேலை போகும், அப்பா காதுக்கும் போகும். கண்ணாடியை மறுபடி மாட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே நிறமாக, அழகாக இருந்தது. அப்படியே வாழ்நாள் முழுக்க இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.

பிறகு முதலாளி அறைக்குப் போய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊரில் கோபம் வந்தால் மரியாதை கூடும். "ஏனுங்க அம்மிணி, இதுக்குத்தானுங்களா உங்கள அந்த சீட்ல உக்கார வெச்சனுங்க?" என்றார் முதலாளி. ஒவ்வொரு 'ங்க'வும் ஒரு அறை. அந்த நேரம் பார்த்து, டாக்டரம்மாவிடம் போயிருந்த மரியபுஷ்பம் அக்கா உள்ளே வந்தார்.

"சார், ஒரே பாட்டிலை எல்லார் கண்ணுக்கும் விட்டதுதான் காரணமாம். பாத்தாலெல்லாம் ஒட்டாதாம், கையாலயும் துண்டாலயும்தான் ஒட்டுமாம். யாரு மருந்து விட்டான்னு டாக்டர் கேட்டாவ. இவ பேரைச் சொன்னேன். இவள ஒரு தடவ நேர்ல பாக்கணுமாம்."

முதலாளி போனை எடுத்தார். "உங்கப்பாவ வரச் சொல்றனுங்க" என்றார். எனக்கு உலகமே இருண்டுவிட்டது. (கண்ணாடி போடாமலே.)

அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸோடு வந்து இறங்கினார். முதலாளியும் கூலிங் கிளாஸோடு எழுந்து நின்று வரவேற்றார். விஷயத்தைக் கேட்டதும் அப்பா மேஜையிலிருந்த டீ-ஷர்ட்டை எடுத்தார். முப்பது வருடம் தறியோடு கிடந்தவர். துணியை விரலால் தடவினார், முகத்துக்கு நேரே பிடித்தார், காலரை மடித்துப் பார்த்தார்.

"இதுல என்னங்க குத்தம்? பாடியும் காலரும் ஒரே கலருதானுங்க."

முதலாளி குழம்பிப்போய்த் தானும் வாங்கிப் பார்த்தார். "அட, எனக்கும் அப்படித்தானுங்க தெரியுது."

வாசலில் பபுலு தொண்டையைச் செருமினார். "சார்... கண்ணாடி."

இருவரும் மெல்லக் கழற்றினார்கள். நான்கு சிவந்த கண்கள் டீ-ஷர்ட்டைப் பார்த்தன. பிறகு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முதலில் சிரித்தது முதலாளிதான். அப்பா சிரிக்கவில்லை. டீ-ஷர்ட்டை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். வீட்டுக்குக் கிளம்பு என்று சொல்லப் போகிறார் என்று நான் தயாராக வைத்திருந்த டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"எனக்கே தெரியலையே கண்ணு. அப்பறம் என்ன குத்தஞ்சொல்லி உன்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?"

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி, "தையலப் பிரிக்கோணுமல்லொ, கத்தரி குடுங்க" என்றார்.

முதலாளி கெஞ்சிக் கூத்தாடி இன்ஸ்பெக்ஷனை இரண்டு நாள் தள்ளி வைத்தார். சாயப்பட்டறையிலிருந்து சரியான காலர் வந்தது. குழாயடியில் புதுச் சோப்பு வைத்து, பபுலுவைப் பக்கத்தில் நிறுத்தி, எல்லோரும் கை கழுவிய பிறகே உள்ளே விட்டார்கள். கண் சிவந்தவர்களை டாக்டர் சொன்னபடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா மட்டும் போக மறுத்து, ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, பழைய காலர்களைப் பிரித்துக்கொண்டே இருந்தார். எதிர் ஜன்னலோரம் நான். அவரோடு அவ்வளவு நேரம் சேர்ந்து வேலை செய்தது அந்த இரண்டு நாள்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கொரோனா வந்து நாடே கை கழுவக் கற்றுக்கொண்ட சமயம் பபுலு போன் செய்தார். இப்போது அவரே ஒரு அயர்னிங் யூனிட் நடத்துகிறார். "மேடம், சோப்பு!" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கண் சரியான பிறகும் அப்பா கூலிங் கிளாஸை விடவில்லை. சிவன்மலைக்குப் போனபோது கோயிலடியில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் முகம் தெளிவாக விழுந்த ஒரே போட்டோ அதுதான். அவர் போய் நான்கு வருடமாகிறது. வேறு வழியில்லாமல் அதையே பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். முருகன் படத்துக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டோடும் மாலையோடும், கூலிங் கிளாஸ் போட்டு அப்பா நிற்கிறார். புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிடம் திகைத்துத்தான் போவார்கள்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன், வேறு கம்பெனியில் குவாலிட்டி மேனேஜராக. போன வாரம் ஒரு புடவைக்கு ஜாக்கெட் துணி பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டு வித்தியாசம் இருந்தது. என் மகள் இரண்டையும் பிடுங்கிக்கொண்டு போய், வழக்கம்போல அந்தப் போட்டோ முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

"அப்புச்சி, ரெண்டும் ஒண்ணுங்களா?"

பதிலையும் அவளே, அவர் குரலில் சொன்னாள்.

"ஒரே கலருதானுங்க."

அந்த ஜாக்கெட்டையே தைத்துப் போட்டுக்கொண்டேன்.