உங்கள் அண்ணன் காரை எடைக்குப் போடுவது குறித்து

அன்புள்ள தம்பி அவர்களுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், உங்கள் சுகத்துக்கு ஆண்டவனை வேண்டுகிறேன் என்று தொடங்குவதுதான் முறை. அதில் பின்பாதி மட்டும் உண்மை. முன்பாதியை மரியாதைக்கு எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா உங்கள் இருவர் பேருக்கும் விட்டுப்போன அந்த இங்கிலாந்துக் காரை எடைக்குப் போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் வருகிறார். இத்துடன் உள்ள தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்ப வேண்டும். உங்கள் அண்ணனுக்கு இப்போது கை நாட்டுத்தான். அதை அவரிடம் இன்னும் கேட்கவில்லை. நீங்கள் போட்ட பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போடுகிறேன்.

காரின் மேல் எனக்கு ஜென்மப் பகை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மர டேஷ்போர்டுக்கு மெழுகு போட்டுத் தேய்த்தது யார், தோல் சீட்டு வெடிக்காமல் எண்ணெய் தடவியது யார், கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியாகப் பல் விளக்குகிற மாதிரி விளக்கியது யார்? நான் எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படித்துக்கொண்டதே அந்தக் காரோடு வந்த புத்தகத்தில்தான். இன்றைக்கும் எனக்கு 'எப்படி இருக்கிறீர்கள்' என்று இங்கிலீஷில் கேட்கத் தெரியாது, 'ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதே' என்று சொல்லத் தெரியும். வெளியே பார்த்தால் நாலு கதவு வைத்த குடும்பக் கார், உள்ளே பந்தயக் கார் எஞ்சின். "கோட்டுப் போட்ட குதிரைடி இது" என்பார் உங்கள் அண்ணன். குதிரைதான், தீனியைப் பார்த்தால். மழை வந்தால் கிளம்பாது, வெயிலடித்தால் கொதிக்கும், இரண்டுமில்லாத நாளில் அடியில் எண்ணெய் ஒழுகும், அதற்கு என் பெரிய அலுமினியத் தட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு "பெரிய இடத்துப் பிள்ளை, கொஞ்சம் மூக்கு ஒழுகத்தான் செய்யும்" என்பார். வீட்டுக் கணக்கில் கார் செலவை 'இதர' என்ற தலைப்பில் எழுதிவந்தேன். ஒரு கட்டத்தில் 'இதர' சாப்பாட்டைத் தாண்டிவிட்டதால், சாப்பாட்டை 'இதர'வில் சேர்த்துவிட்டு காருக்குத் தனித் தலைப்புக் கொடுத்தேன். இன்னொரு பழக்கம் உங்களுக்கே தெரியும், வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து, ஜுரக்காரப் பிள்ளையின் சட்டைக்குள் கைவிடுகிற மாதிரி உள்ளே கைவிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். சூடு பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். என்னை ஒரு நாளும் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். கடைவீதிக்குப் போய்விட்டு ஜம்மென்று ஓட்டி வந்தார், ஷெட்டில் விட்டார், பானெட்டைத் திறந்தார், மூடினார், அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, வலது கை துணி மாதிரி கிடக்கிறது, இடது கையால் நெஞ்சைத் தட்டுகிறார், தட்டிக்கொண்டே இருக்கிறார். பக்கத்து வீட்டு டெய்லர் ஓடி வந்து, "அக்கா, மாரடைப்பு! சாவியைக் குடுங்க, நானே ஓட்டறேன்" என்று ஏறி உட்கார்ந்தார். கிர்ர் கிர்ர் என்றது. அவ்வளவுதான். ஒரு நிமிஷம் முன்னால் ஓடி வந்த வண்டி, தம்பி! எஞ்சின் சுட்டுக்கொண்டிருக்கிறது, கிளம்ப மாட்டேன் என்கிறது. டெய்லர் ஸ்டியரிங்கைக் குத்துகிறார், நான் ஆண்டவனைக் கூப்பிடுகிறேன், இவர் தரையில் கிடந்து நெஞ்சைத் தட்டுகிறார், நானும் அந்தக் கையை விலக்கிவிட்டு "ஒண்ணுமில்லைங்க, ஒண்ணுமில்லை" என்று நெஞ்சைத் தடவிவிடுகிறேன். கடைசியில் முட்டை ஏற்றும் வேனில், காலி அட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுபோனோம். "மாரடைப்பு இல்லைம்மா, பக்கவாதம். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பேச்சாவது மிஞ்சியிருக்கும்" என்றார் டாக்டர். அந்தக் 'கொஞ்சம் முன்னாடி' எங்கே போயிற்றென்று எனக்குத் தெரியும். ஷெட்டில் நிற்கிறது.

இதில் ஒரே ஓர் ஆறுதல் எனக்குக் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் சட்டைப் பையில் இருந்ததைக் கொடுத்தார்: கண்ணாடி, சீப்பு, இன்னொன்று. கட்டைவிரல் அளவு, கரும்பழுப்பு நிறம், தலையில் பித்தளைத் தகடு. தாயத்து! சாமியாவது பூதமாவது என்று ஆயுசுக்கும் என்னைக் கேலி செய்த மனுஷன், எனக்குத் தெரியாமல் ஒரு தாயத்தை நெஞ்சோடு வைத்திருந்திருக்கிறார். அழுதுவிட்டேன். சாமி அலமாரியில் வைத்து, அன்றிலிருந்து அதற்கும் சேர்த்துத்தான் விளக்கு. "இவர் வாயைத் திற" என்பது ஒன்றுதான் வேண்டுதல். இன்னும் நெஞ்சைத் தட்டுவதை விடவில்லை. என்னைப் பார்த்தால் தட்டுகிறார், ஜன்னலைப் பார்த்தால் தட்டுகிறார். டாக்டர் திரும்பத் திரும்ப ஈசிஜி எடுத்து, "உங்க வீட்டுக்காரர் இதயம் என்னோடதைவிட நல்லா இருக்கும்மா" என்று கைவிரித்துவிட்டார். கூட்டுப் பிரார்த்தனைப் பெண்கள்தான் சரியாகச் சொன்னார்கள்: "அண்ணன் கடவுளை உணர்ந்துட்டார் அக்கா, உள்ளே இருக்கார்னு காட்டறார்." வருகிற ஞாயிறு அதற்கு நன்றி வழிபாடு வைத்திருக்கிறார்கள். பலகாரம் என் செலவு.

இப்போது கஷ்டம் என்னவென்றால், வாசலில் ஏழு படி. சக்கர நாற்காலி சமதளமாக வெளியே போக ஷெட் ஒன்றுதான் வழி, அதை அடைத்துக்கொண்டு கார் நிற்கிறது. டயர் இறங்கிவிட்டது, தள்ளினாலும் நகரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவர் மேல் வெயில் பட்டதில்லை. முதலில் வந்த மெக்கானிக் புது பாட்டரியைப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரைச் சொருக ஓட்டை தேடினார், கிடைக்கவில்லை, போய்விட்டார். இரண்டாவது மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "எஞ்சின் செத்துப்போச்சுக்கா, என் மச்சான் இரும்பு எடுக்கறான், அனுப்பட்டுமா?" என்றார். மச்சான் வந்தார். மட்கார்டை விரலால் சுண்டி, "அந்தக் காலத்துத் தகடு, நல்ல எடை" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உங்கள் அண்ணன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, தம்பி. மாடுகூட அப்படிக் கத்தாது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஆகவே தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள். உயிர் போகிற நேரத்தில் கைவிட்டதை வாசலில் வைத்துக் கும்பிட எனக்குத் தெம்பில்லை. உங்கள் வீட்டுத் தங்கைக்கு என் அன்பு, பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, எண்ணெய் ஒழுகாத வண்டியோடு வாழ என் ஆசி.

இப்படிக்கு,
அண்ணி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். காலையில் விளக்குத் துடைக்க, சாமி அலமாரியில் இருந்ததையெல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது கை பாய்ந்து வந்து தாயத்தைப் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் அதை வைத்துத் தட்டினார், ஷெட்டைக் காட்டி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். படமே போட்டிருக்கிறது. ரோட்டராம். எஞ்சினில் வரிசையாக எல்லோருக்கும் கரண்டைப் பரிமாறுவது அதுதான். அது இல்லாவிட்டால் திருடனாலும் கிளப்ப முடியாது, டெய்லராலும் முடியாது. தினமும் பானெட்டுக்குள் கைவிட்டது சூடு பார்க்க இல்லை, திருட்டுக்குப் பயந்து இதைக் கழற்ற.

வண்டி கைவிடவில்லை, தம்பி. அதன் உயிரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு விழுந்தது இவர். தட்டியது நெஞ்சை இல்லை, பையை. நான் அந்தப் பைக்கு மேலேயேதான் தடவிவிட்டிருக்கிறேன். அது இவருக்கும் தெரியும், இனி எனக்கும் தெரியும். இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியவில்லை.

அவர் கண் காட்டக் காட்ட நான்தான் மாட்டினேன். டெய்லர் காற்றடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினார், தெருவே இருமியது. வண்டியை வெளியே எடுத்தார், அதன் பின்னாலேயே நாற்காலியும் வெயிலுக்கு வந்தது. பேச்சு வரவில்லை. நான் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. பிறகு ரோட்டரைக் கழற்றச் சொல்லிக் கை காட்டினார், கழற்றி அவர் பையில் போட்டேன். அதோடு தட்டுவதை நிறுத்திவிட்டார்.

அந்தத் தாளை எடுக்காமல் உறையிலேயே விட்டிருக்கிறேன், உங்கள் கையாலேயே கிழித்துவிடுங்கள். கூட்டுப் பிரார்த்தனைப் பெண்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, பலகாரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. தங்கையும் போனில் அவர்களிடம் உளறிவிட வேண்டாம்.