உடைய மறுத்த தூண்

நிதிக்குழு வர இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. தூண் உடையவில்லை.

உடைந்தால்தான் ஷீபாவுக்கு அடுத்த ஆண்டும் ஆராய்ச்சி உதவித்தொகை. பழைய, பலவீனமான கட்டடம் நிலநடுக்கத்தில் எப்படி விழுகிறது என்பது அவள் ஆய்வு. அதில் கீழ்த்தளத் தூண் மட்டும் நிஜம். மேலே மூன்று மாடிகள் கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்கு ஜாக்கி தூணைத் தள்ளும். பாதி நிஜம், பாதி கம்ப்யூட்டர் என்பதால் இதற்கு 'ஹைப்ரிட்' சோதனை என்று பெயர்.

"பன்னெண்டு டன்னுல உடையணும் சார். இருபதைத் தாண்டியும் நிக்குது."

பேராசிரியர் சவரியப்பன் கண்ணாடியைத் துடைத்தார். "மெதுவாப் பேசும்மா. முன்னெல்லாம் சிமென்ட்டுன்னு எழுதுனா நிதி வந்துச்சு. இப்ப ஹைப்ரிட்டுன்னு எழுதுனாத்தான் ஃபைலையே தொறக்குறாங்க. நெலநடுக்கத்தக் கூட்டு."

கூட்டினாள். கம்ப்யூட்டரில் மூன்று மாடிகளும் சரிந்தன.

"மேல விழுந்துருச்சு சார். கீழ நிக்குது."

"அப்ப மாடியப் பலமாக்கு."

ஆக்கினாள். இப்போது எதுவுமே விழவில்லை.

"இன்னும் கூட்டும்மா."

"இதுக்கு மேல கூட்டுனா நார்த்தாமலையே நகந்துரும் சார்."

"நகரட்டும்."

மலை நகரவில்லை. ஜாக்கிதான் போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது.

சவரியப்பன் ஆய்வறிக்கையை எடுத்தார். "தலைப்ப மாத்து. 'மலிவுத் தூணின் வியத்தகு உறுதி'."

"கம்ப்யூட்டர் கணக்கு சார்?"

"தூணுக்கு ஏத்தாப்புல திருத்து. கணக்கு தப்பாகும், தூணு பொய் சொல்லாது."

மறுநாள் குழு வருவதற்குள் ஷீபா திருத்திவிட்டாள். தன் கணக்கு எங்கே தப்பியது என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

குழுத் தலைவி ஞானமணி தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நாலே கம்பி, மட்டமான கலவை. அப்படியும் நிக்குதே! பழைய பள்ளிக்கூடத்தை எல்லாம் இடிக்கவே வேணாம் போலயே. மூணு வருஷத்துக்கு நிதி எழுதிருவோம். யாருங்க கட்டுனது?"

சவரியப்பன் பெருமையாக ஆள் அனுப்பினார். கொத்தனார் மூக்கன் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"இந்த மாதிரி எப்படிங்க கட்டுனீங்க?" என்றார் ஞானமணி.

மூக்கன் ஷீபாவைத் தயக்கத்தோடு பார்த்தார்.

"பாப்பாவத் திட்டாதீங்கம்மா, சின்னப் புள்ள. டிராயிங்குல தெரியாம நாலு கம்பி போட்டிருந்துச்சு. நான் கட்டுன தூணு விழுந்தா எவன் வேலை குடுப்பான்? சத்தமில்லாம எட்டாக்கிட்டேன்."