கல்யாண வீட்டில் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை

பென்னாகரம்,
வியாழக்கிழமை

அன்பு மாப்பிள்ளை கதிரவனுக்கு,

உன் அக்காள் புருஷன் பச்சியப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர அனைவரும் நலம். பெங்களூரில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உன் அக்காள் காதில் விழும் என்பதால் மெயிலில் எழுதுகிறேன். படித்ததும் அழித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை நம்ம பொண்ணு கோகிலவாணி கல்யாணம். பத்திரிகையில் போட்ட பென்னாகரம் மண்டபத்தில் போர்வெல் வற்றிப்போய், தருமபுரியில் வேறு மண்டபம் பிடித்தது உனக்குத் தெரியும். அழைத்தவர்களுக்கெல்லாம் உடனே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பொண்ணும் மாப்பிள்ளையும் தருமபுரியில் இருக்க, ஜனம் மொத்தமும் இங்கே பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டேன். ரிட்டயர் ஆன ட்ராயிங் வாத்தியார் சும்மா இருந்திருக்கலாம். யூடியூப் பார்த்து பைத்தான் புரோகிராமிங் படித்து, எல்லோர் நம்பரையும் முன்னறை கம்ப்யூட்டரில் டேட்டாபேஸாகப் போட்டு வைத்தேன். அதுதான் சர்வர். மாடியில் லேப்டாப்பில் நான் எழுதின ஸ்கிரிப்டை ஓட்டினால், அது கீழே இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து நம்பரை எடுத்து மெசேஜ் அனுப்பும். அனுப்ப வேண்டும்.

இன்று காலை ஓட்டினேன். 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்றது, அதாவது கீழேயிருந்து பதிலே வரவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன், போர்ட் நம்பரை மாற்றினேன், ரவுட்டரைப் பிடுங்கிச் செருகினேன், கீழே சீரியல் பார்த்துக்கொண்டிருந்த சொந்தபந்தமெல்லாம் கத்தியது, அப்போதும் அதே பதில்தான். கடைசியாக ஒரு வீடியோவில் ஒருத்தர், "மொதல்ல சர்வர் ஓடுதான்னு போய்ப் பாருங்க" என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை, சர்வரே இல்லையப்பா! மேசைமேல் தூசியும் ஒரு ஒயரும்தான் இருந்தன.

பாத்திரம் தேய்க்கிற சென்னம்மாளைக் கேட்டேன். "அது நேத்தே சீர் சாமானோட டெம்போல போயிருச்சுங்களே! நீங்கதான பொட்டு வெச்சதையெல்லாம் ஏத்துங்கன்னு சத்தம் போட்டீங்க?" என்கிறாள். பீரோ, கட்டில், அண்டா எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தோம், வாஸ்தவம். ஆனால் கம்ப்யூட்டரில் இருந்தது ஆயுத பூசைக்கு உன் அக்காள் வைத்த பொட்டு! சாமி குத்தம் ஆகிவிடுமே என்று இத்தனை மாதமாக யாரும் துடைக்கவில்லை. இப்போது என் டேட்டாபேஸ் அரூரில் சம்பந்தி வீட்டில், அண்டாக்களோடு உட்கார்ந்திருக்கிறது.

கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்டால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நீ தாய்மாமன், உனக்கு அங்கே தனி மரியாதை. நாளைக்கே ரயிலேறித் தருமபுரி வந்து, அரூர் பஸ் பிடித்து, சீர் பார்க்க வந்ததாகச் சொல்லி, கம்ப்யூட்டரை நைசாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. கேட்டால் சர்வீசுக்கு என்று சொல். என் மானம் உன் கையில்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் ஆசி. சாமியும் நீயும் துணை நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
பச்சியப்பன்

பி.கு.: இதை அனுப்புவதற்குள் அரூரிலிருந்து நம்ம வருங்கால மருமகன் தர்மன் போன் செய்தார். கோகிலவாணி விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம். அவரே கம்ப்யூட்டரை மாட்டி, அதில் கிடந்த ஸ்கிரிப்டின் பழைய காப்பியை ஓட்டிவிட்டார். "ஒரே தட்டுல கனெக்‌ஷன் கெடச்சிருச்சுங்க மாமா, எல்லாருக்கும் போயிருச்சுங்க" என்றார். சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். அப்போது என் போனுக்கும் அந்த மெசேஜ் வந்தது. கற்றுக்கொண்ட புதிதில் நான் எழுதிவைத்தது: "பச்சியப்பன் வீட்டுக் கல்யாணம். இது சும்மா டெஸ்ட். யாரும் வர வேண்டாம்." உனக்கும் வந்திருக்கும். அரூருக்குப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீயாவது வந்துவிடு.