அல்மோரா போகும் வழியில் ஒரு பெஞ்சு

என் தகரப் பெட்டியில் ஒரு படத் தபால் அட்டை இருக்கிறது. முன்பக்கம் தேவதாரு மரங்கள், அவற்றுக்கு அப்பால் பனிமலை. மறுபக்கம் என் விலாசமும் பென்சிலில் மூன்று வரிகளும். முதல் வரி: "சேர்ந்தேன்." இரண்டாவது வரி: "குளிர் உண்டு, மப்ளர் போதவில்லை." மூன்றாவது வரியை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். எழுதியவர் தேதி போடவில்லை. தபால் முத்திரை வெறும் கறுப்பு வட்டமாக இருக்கிறது. அதில் ஊரும் இல்லை, வருஷமும் இல்லை. வாலிபம் முழுவதையும் தபாலாபீசில் தேதி முத்திரை குத்தியே கழித்த எனக்குத்தான் இப்படி ஓர் அட்டை வந்து சேர வேண்டுமா?

எழுதியவருக்கு எங்கள் தெருவில் பெயர் அல்மோரா. பெற்றோர் வைத்த பெயர் சர்க்கார் பதிவேட்டோடு நின்றுவிட்டது. அவரைப் போல மனிதர்களை ஓடவைத்த மனிதர் தர்மபுரித் தாலுகாவில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். வத்தல்மலையிலிருந்து சிறுத்தை இறங்கினால்கூட எங்கள் ஜனங்கள் தடி எடுத்துக்கொண்டு எதிரே போவார்கள். அல்மோரா வந்தால் தடியையும் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

அவருடைய உத்தியோகம் அம்மை குத்துவது. தோள்பையில் அம்மைப்பால் குப்பிகளும், பல் வைத்த சின்ன வட்டத் தகடு ஒன்றும் இருக்கும். தகட்டைப் புஜத்தில் அழுத்தி ஒரு திருகு திருகுவார். அவ்வளவுதான் வேலை. வலி ஒரு முள் குத்திய அளவு. ஆனால் அதன் கீர்த்தி அவருக்கு இரண்டு மைல் முன்னாலேயே ஊருக்குள் நுழைந்துவிடும்.

"ஓடுங்கடோய்! குத்தறவரு வந்துட்டாரு!"

அடுத்த நிமிஷம் தெருவில் கோழிகள் மட்டும்தான். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை முகூர்த்த நேரத்தில் பந்தலை விட்டு ஓடி வைக்கோற்போரில் புகுந்துகொண்டான். அவனைத் தேடி எடுப்பதற்குள் முகூர்த்தம் தப்பிவிட்டது. இன்னொரு வீட்டில் நான்கு அண்ணன் தம்பிகள். மூத்தவனுக்கு மட்டும் பழைய தழும்பு. அவனே நான்கு விதமாகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு நான்கு தடவை வந்து கையைக் காட்டிப் போனான். நான்காவது தடவை அல்மோரா சொன்னாராம்: "போன வாட்டி கட்டுனதுதான்டா உனக்கு எடுப்பா இருந்துச்சு. போய் உன் தம்பிங்கள வரச் சொல்லு."

இப்படிச் சிரித்துப் பேசுகிறவர்தான். ஒருநாள் தபாலாபீஸ் படியில் உட்கார்ந்து செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"தம்பி, இருவது வருசமா நான் மனுசங்களோட முதுகத்தான் பாத்திருக்கேன்."

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு மருந்துக் கம்பெனிக் காலண்டர் தொங்கியது. தேவதாரு மரத்தடியில் ஒரு மரபெஞ்சு, தூரத்தில் பனிமலை. பெஞ்சில் யாரும் இல்லை. கீழே அல்மோரா என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. இமயமலையில் ஓர் அமைதியான ஊர். காலண்டர் காலாவதியாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. தேதி போன காலண்டர் சுவரில் தொங்குவது எனக்குப் பொறுக்காது. கழற்றிவிடலாமே என்றேன்.

"அது தேதி பாக்கறதுக்கு இல்ல தம்பி, எடம் பாக்கறதுக்கு. அந்த பெஞ்சுல போயி உக்காரணும். எதிர்ல ஒரு மனுசன் வரணும். என்னையப் பாக்கணும். பாத்துட்டு, அவன் பாட்டுக்கு நடந்து போகணும். அது போதும்."

"அதுக்கு அவ்வளவு தூரம் எதுக்கு சார்? ஏற்காடு பக்கத்துலயே இருக்கே?"

"ஏற்காடா! அங்க பாதிப் பேருக்கு நான்தான் குத்தினேன்."

அந்தப் பயணத்துக்கு அவர் செய்த ஆயத்தம் ஊரறிந்தது. உடம்பைப் பழக்கவேண்டும் என்று சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டையும் மப்ளருமாக நடப்பார். வடக்கே களி கிடைக்காது என்று கேள்விப்பட்டு வாரம் இருமுறை கோதுமை ரொட்டி சுடச் சொல்லுவார். அந்த ரொட்டியைப் பசுமாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை நானே கண்டேன். வழியையும் மனப்பாடம் செய்திருந்தார். மொரப்பூர், ஜோலார்பேட்டை, மெட்ராஸ், ஆக்ரா, பரேலி, காத்கோதாம். அதற்கு மேல் மோட்டார். சந்தியாவந்தனம் போலக் காலையிலும் மாலையிலும் சொல்லுவார்.

அவர் மனைவி அடுப்படியிலிருந்தே பதில் சொல்லுவார்: "இமயமலை ஏறறது இருக்கட்டுமுங்க. மொதல்ல நம்ம வூட்டுப் பரண்மேல ஏறி அந்த வெங்கலப் பானைய எறக்கிக் குடுங்க பாக்கலாம்."

"நீயும் வாயேன்."

"எனக்கு ஒகேனக்கலே தூரமுங்க."

தடை மனைவி அல்ல, லீவுதான். அம்மை பரவும் காலமும் கோடை, அல்மோரா போகும் காலமும் கோடை. வருஷாவருஷம் பங்குனியில் ஒரு விண்ணப்பம் என் கையால் முத்திரை பெற்றுச் சேலத்துக்குப் போகும். அப்போது நாங்கள் சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகா. சித்திரையில் 'இயலாது' என்று பதில் வரும். பதில் உறையிலும் நானே முத்திரை குத்துவேன். குத்தும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது ஒரு செப்டம்பரில். அதற்கு முந்தின கோடையில்தான், என்ன நினைத்தார்களோ, முப்பது நாள் லீவு வந்துவிட்டது. அல்மோரா தபாலாபீசுக்குள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வரிசையில் நின்றவர்கள் அவர் கையைப் பார்த்ததும் ஓடிவிட்டார்கள். அன்றைக்கு அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"போய்ச் சேந்ததும் உனக்கு ஒரு படக் கார்டு போடறேன் தம்பி."

புறப்பட்ட நாள் மாலையில் மொரப்பூரில் பெரிய ரயில். தர்மபுரியிலிருந்து அங்கே சின்ன ரயிலில் போயிருக்கலாம். ஆனால் போகிற வழியில், சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு சிற்றூரில், எட்டு நாள் முன்னால் நான்கு குழந்தைகளுக்குக் குத்தியிருந்தார். எட்டாம் நாள் கொப்புளம் சரியாக எழுந்திருக்கிறதா என்று பார்த்து எழுதவேண்டும் என்பது விதி. லீவில் போகிற மனிதனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விடியற்காலையிலேயே மாட்டுவண்டி பிடித்துக் கிளம்பிவிட்டார். அந்த ஊர்ப் பெயரை எழுதாமல் விடுகிறேன். அந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

மூன்று குழந்தைகளைப் பார்த்தாயிற்று. நான்காவது ஒரு சிறுமி, ஆளைக் காணோம். வீடெல்லாம் தேடினார்கள். மாட்டுக்கொட்டகை, புளியமரம், கிணற்றடி எங்கும் இல்லை. பத்து மணிக்கு மேல் தானியக் குதிருக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. கம்புத் தூசியோடு அவளை வெளியே எடுத்துக் கையைப் பார்த்து, "அருமையா எழுந்திருக்கு" என்று சொல்லி எழுதி முடிக்கவும், கோயிலில் பறை முழங்கவும் சரியாக இருந்தது. அன்று மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு.

எங்கள் பக்கத்து வழக்கம் வாசகர்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். காப்புக் கட்டும் நேரத்தில் யார் யார் ஊர் எல்லைக்குள் இருக்கிறார்களோ, அவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் இராத் தங்கக்கூடாது. விருந்தாளிகள் பறைச் சத்தத்துக்கு முன்பே மூட்டை கட்டிவிடுவார்கள். அந்த ஊரில் திருவிழா பதினைந்து நாள்.

ஊர்க்கவுண்டர் வண்டியை மறித்தார்.

"போகக்கூடாதுங்கய்யா."

"எனக்கு மெட்ராஸ் ரயிலுங்க. நான் வெளியூர்க்காரன். உங்க காப்பு என்னை என்ன பண்ணும்?"

"உங்கள ஒண்ணும் பண்ணாதுங்க. நீங்க போறதுன்னா போங்க, கையப் புடிச்சு இழுக்க மாட்டோம்." கவுண்டர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாராம். "ஆனா நாளைக்கு ஊருக்குள்ள ஆத்தா வந்துட்டான்னு வெச்சுக்கங்க, ஊசிக்காரரு எல்லை தாண்டுனதாலதான் வந்தான்னு பேசுவாங்க. அப்பறம் சுத்துப்பட்டுல ஒருத்தனும் உங்ககிட்ட கைய நீட்டமாட்டான். இப்பவாச்சும் தொரத்திப் புடிச்சா நீட்டறான்."

அல்மோரா வண்டியில் உட்கார்ந்தபடியே இருந்தார். வண்டிக்காரர் பின்னால் எனக்குச் சொன்ன கணக்குப்படி, ஒரு சுருட்டு குடித்து முடிக்கும் நேரம். மொரப்பூர், ஜோலார்பேட்டை, மெட்ராஸ், ஆக்ரா என்று உதடு அசைந்துகொண்டிருந்ததாம். பரேலி வரும்போது நின்றுவிட்டது. இறங்கி வலது கையை நீட்டினார். மஞ்சள் கயிற்றைக் கட்டினார்கள்.

நான்காம் நாள் எனக்கு ஒரு கார்டு வந்தது. வழியில் மெட்ராஸிலிருந்து போட்டிருப்பார் என்று ஆவலோடு எடுத்தேன். முத்திரை பக்கத்து ஊர். "காப்புக் கட்டிவிட்டார்கள். பெட்டியில் கம்பளித் துணி தவிர வேறு இல்லை. வேட்டி கொண்டு வரவும். அவசரம்."

ஞாயிற்றுக்கிழமை நான்கு வேட்டிகளோடு சைக்கிளில் போனேன். ஊர்ப் பொதுவில் வேப்பமரம். அதன் அடியில் இரண்டு கல்மேல் ஒரு பலகை. பலகைக்கு நேர் எதிரே வத்தல்மலை. அதன்மேல் கம்பளிக் கால்சட்டையும் வெற்றுடம்புமாக அல்மோரா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஒரு பட்டாளம். தோளில் ஒன்று, மடியில் ஒன்று, மப்ளரைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு ஒன்று. குதிருக்குள் தும்மிய சிறுமி அவர் கையைப் பிடித்துக் காப்புக் கயிற்றின் முடிச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன சார் இது?" என்றேன்.

அவள் அம்மாதான் பதில் சொன்னார்: "காப்புக் கட்டுனவரு ரத்தம் பாக்கக்கூடாதுங்களே. பதினஞ்சு நாளைக்கு அவரு ஒண்ணும் பண்ணமாட்டாரு. அதான் புள்ளைங்க பயமத்துப் போச்சுங்க. அவரு போறதா இருந்த ஊருல பெஞ்சு உண்டாமே? அதான் எங்கூட்டுக்காரரு கட்டப்பலகைய எடுத்துப் போட்டாரு."

"அங்க பனி இருக்குமாம் ஆத்தா," என்றது தோளில் இருந்தது.

"பனிதான? மார்கழில வரச் சொல்லு, நம்மூர்லயே காட்டலாம்."

அல்மோரா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த முகத்தை அவருக்கு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "தம்பி, இவனுங்க எங்கெங்க ஒளியறதுன்னு எல்லாத்தையும் எங்கிட்டயே சொல்லிட்டானுங்க. இருவது வருச ரகசியம்!"

கூழ் ஊற்றினார்கள், மாவிளக்கு எடுத்தார்கள், மஞ்சள் நீராடினார்கள். பதினாறாம் நாள் காலை காப்பு அவிழ்ந்தது. அவர் பையைத் தோளில் மாட்டினார். பட்டாளம் முழுவதும் கூவிக்கொண்டு ஓடியது. எந்தப் பிள்ளை எங்கே என்று அவருக்கு இப்போது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு இடத்துக்கும் போய், "எங்க காணோமே?" என்று கொஞ்ச நேரம் தேடுகிற மாதிரி நின்றுவிட்டுத்தான் பிடித்தாராம். அந்த ஊரில் அன்று பாக்கி இல்லாமல் குத்தி முடித்தார்.

லீவு மிச்சம் இருக்கிறதே, போகலாமே என்று நான் தூண்டினேன். "போக அஞ்சு நாள், வர அஞ்சு நாள். நடுவுல கெடைக்கற மூணு நாள்ல பெஞ்சு சூடுகூட ஆகாது தம்பி" என்று சொல்லிவிட்டார். போர் வந்தது. லீவு என்ற சொல்லே அலுவலகத்தில் இல்லாமல் போயிற்று. போரின் நடுவில் எங்கள் சின்ன ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அன்று மாலை அவர் வெறும் கருங்கல் ஜல்லிமேல் நின்று மொரப்பூர்த் திசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காலண்டர் மட்டும் சுவரில் இருந்தது.

போர் முடிந்து சில மாதத்தில் அவர் ஓய்வு பெற்றார். அதற்குள் என்னைத் தெற்கே மாற்றிவிட்டார்கள். அங்கேதான் இந்தப் படக் கார்டு வந்தது. மூன்றாவது வரி இது:

"யாரும் ஓடவில்லை. யாரும் பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை."

பல வருஷம் கழித்து நான் தர்மபுரி திரும்பியபோது அவர் காலமாகியிருந்தார். அவர் மனைவி மாரண்டஹள்ளியில் மகள் வீட்டில் இருந்தார். போய்க் கேட்டேன்.

"வடக்க போறேன்னு சொல்லிட்டுத்தான் போனாருங்க. இருவது நாள் கழிச்சு வந்தாரு. பாத்தீங்களான்னு கேட்டா ஒரு சிரிப்பு. மறுநாளே கெளம்பிட்டாரு. எங்கன்னேன். அந்தக் காப்புக் கட்டுன ஊருக்குத்தான், புள்ளைங்களப் பாத்துட்டு வரேன்னாரு. மப்ளர மட்டும் கடைசி வரைக்கும் தொவைக்க வுடவே இல்லீங்க."

இதுபோன்ற படக் கார்டுகள் சென்னைக் கடைகளிலும் கிடைத்தன என்று ஒரு நண்பர் சொல்கிறார். இருக்கலாம். கையெழுத்து அவருடையது, அதில் ஐயம் இல்லை. அது எந்த ஊர் பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது, அவர் அல்மோராவைக் கண்டாரா இல்லையா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. எங்கள் தாலுகாவில் உட்கார்ந்து எழுதியதல்ல என்று மட்டும் மூன்றாவது வரியை வைத்துச் சொல்வேன்.

முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன். எந்த ஊர்க் குமாஸ்தாவோ, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துக் குத்தியிருக்கலாம்.