வண்டிய எடு

எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன் என்பது என் பெருமை. படித்ததை முழுதாகச் செய்யமாட்டேன் என்பது என் வரலாறு.

காருக்கு ஆயில் மாற்றிய தேதிகளையெல்லாம் டைரியில் குறித்து வைப்பவன் நான். அந்த ஞாயிறு, சர்ச்சிலிருந்து சேலையூர் வீட்டுக்கு வந்ததும், ஆயிலை நானே மாற்றத் துணிந்தேன். 'ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், முட்டுக்கட்டை வையுங்கள்' என்று கையேட்டில் இருந்தது. (அந்த வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தேன். கட்டைதான் போடவில்லை.)

பதினொன்று பத்துக்கு, மல்லாந்தபடி இடப்பக்கமாக உள்ளே நுழைந்தேன். பதினொன்று பதினாலுக்கு, மூக்குக்கு மேலிருந்த நட்டு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்தேன். இன்னும் பெரிதானது. நட்டு வளரவில்லை, கார் இறங்குகிறது என்று புரிவதற்குள் இரும்பு நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஜாக்கியின் வால்வை நான் சரியாக இறுக்கவில்லை.

மூச்சை வெளியே விட முடிந்தது. உள்ளே இழுக்க இடமில்லை. இருந்த கால் மூச்சில், வீட்டுக்குள் போன் பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் தம்பி ஜானைக் கூப்பிட்டேன்.

"ஜான்... வண்டிய எடு!"

"இப்பவா மாமா?"

"சீக்கிரம் எடுடா!"

என் மேலிருந்து தூக்கு என்ற பொருளில்தான் சொன்னேன். தாம்பரத்துப் பக்கம் யாருக்கும் 'வண்டிய எடு' என்றால் ஒரே பொருள்தான். செருப்புச் சத்தம் வலப்பக்கமாக வந்தது. என் கால்கள் நீட்டிக்கொண்டிருந்ததோ இடப்பக்கம். டிரைவர் கதவு திறந்தது. சீட்டில் எண்பது கிலோ உட்கார்ந்தது. அத்தனையும் என் விலா எலும்பில் வந்து இறங்கியது.

"எங்க மாமா போணும்? படப்பைக்கா?"

நான் போய்க்கொண்டிருந்த இடத்துக்குக் கார் தேவையில்லை. சாவி நுழையும் சத்தம் கேட்டது. கத்த மூச்சில்லை. காலை உதைத்தேன். துணி காயப்போட வந்த என் மனைவி ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டாள்.

"டேய், சாவியத் தொடாதடா! அடியில அவரு இருக்காருடா!"

"அவருதான்க்கா வண்டிய எடுக்கச் சொன்னாரு!"

"எறங்குடா மொதல்ல!"

ஜான் இறங்கினான். எனக்கு அரை மூச்சு கிடைத்தது. "வால்வ்... இறுக்கு..." என்றேன். அவன் இறுக்கிவிட்டு ஜாக்கியை அடிக்க அடிக்க, அந்த நட்டு மெல்லச் சிறியதானது. ஸ்டெல்லா காலைப் பிடித்து இழுத்தாள்.

நெஞ்சில் கன்றியிருந்த நீலம் மூன்று வாரத்தில் மறைந்தது. பேச்சு மறையவில்லை. எந்தக் கல்யாணத்திலிருந்து கிளம்பினாலும், நான் முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்த பிறகும், ஜான் குனிந்து காருக்கு அடியில் ஒருமுறை பார்ப்பான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பான்:

"மாமா, உள்ளதான இருக்கீங்க? எடுக்கட்டுமா?"