துடைத்தாலும் வரும் குக்கி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாயை மூடத் தெரியாது. சாப்பிடுகிற தட்டைப் போட்டோ பிடித்து ஊருக்குக் காட்டுகிறார்கள். காலில் முள் குத்தினால் பிடுங்குவதற்கு முன்னாலேயே நாலு பேருக்குச் செய்தி போய்விடுகிறது. பஸ்ஸில் ஒருத்தன் போனில் சண்டை போட்டால் கடைசி சீட்டில் இருக்கிறவனுக்கும் அவன் குடும்பக் கதை மனப்பாடம் ஆகிவிடும். கேட்டால், மறைக்க என்ன இருக்கிறது என்பான். மறைக்க ஒன்றும் இல்லாதவன் எதற்கு வீட்டுக்குக் கதவு வைக்கிறான்?

பூட்டுக்கடைக்காரர் அந்த ரகம் இல்லை. தும்மல் வந்தால்கூட பக்கத்தில் யார் என்று பார்த்துவிட்டுத்தான் தும்முவார். அப்பேர்ப்பட்ட மனுசர் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே உளவு புகுந்துவிட்டது.

"ஏய், இங்க வா! மறுபடியும் வந்து உக்காந்திருக்கு!"

மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். "எது?"

"அந்தக் குக்கிதான். நேத்து ராத்திரி என் கையால துடைச்சேன். காலையில ஸ்கேன் போட்டா, பழையபடி வரிசையா நிக்குது. பாரு."

திரையில் சிவப்பாக எழுதியிருந்தது: 'கண்காணிப்புக் குக்கிகள் கண்டறியப்பட்டன.'

"இருந்துட்டுப் போகட்டுமே. சோறா கேக்குது?" என்றாள் மனைவி.

"கண்காணிப்புன்னு எழுதியிருக்குடி. உனக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா?"

விஷயம் இதுதான். மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையனுடைய அப்பாவும் அம்மாவும் வந்து பார்த்துவிட்டு, "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று போனவர்கள், போனவர்கள்தான். இதற்கு முன்னால் ஒரு சம்பந்தம் இப்படித்தான் பேச்சில் இருக்கும்போதே தெருவெல்லாம் பரவி, பிறகு நின்றுபோய், மகள் ஆபீசுக்குப் போகக் கூசிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தாள். ஆகையால் இந்தத் தடவை மூச்சு விடக்கூடாது என்று பூட்டுக்கடைக்காரர் எல்லார் வாய்க்கும் பூட்டுப் போட்டுவிட்டார்.

மகளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. போன் மணி அடித்தால் அவள் தலை திரும்புகிற வேகம் சொல்லிற்று.

இந்த நிலைமையில், பூட்டுக்கடைக்காரர் ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் கம்ப்யூட்டரில் கல்யாண மண்டப வாடகை என்ன என்று பார்த்தார். பார்த்ததோடு சரி. மறுநாள் செய்தி படிக்க உட்கார்ந்தால், செய்திக்குப் பக்கத்திலேயே ஒரு மண்டபம்! 'திருமணத்துக்கு மண்டபம் தேடுகிறீர்களா?' என்று கேட்டது. அடுத்த பக்கத்துக்குப் போனார். அங்கே மாலை கட்டுகிறவன் வந்து நின்றான். அதற்கடுத்த பக்கத்தில் மேளக்காரன். பூட்டுக்கடைக்காரருக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாத விஷயம் மேளக்காரனுக்கு எப்படித் தெரிந்தது?

பக்கத்துக் கடைக்காரர் யோசனை சொல்லி, உளவு பிடிக்கிற ஸ்கேன் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். போட்டதும்தான் இந்தக் குக்கிகள் மாட்டின.

முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அழித்தார். சாயங்காலம் மகள் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கூப்பாடு.

"அப்பா! எதுக்குள்ளயும் போக முடியல. ஆபீஸ் கணக்கு, பாங்க், கேஸ் புக்கிங், எல்லாம் நீ யாருன்னு கேக்குது. என்ன பண்ணீங்க?"

"வீட்டைக் கூட்டினேன். குப்பை போச்சு."

"குப்பையோட சாவிக்கொத்தையும் சேர்த்துக் கொட்டிட்டீங்க."

பூட்டு வியாபாரியிடம் சொல்லக்கூடாத வார்த்தை. அவர் முகம் சுருங்கிவிட்டது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள்: "அப்பா, இது ஒண்ணும் பண்ணாது. ஒரு கடைக்குப் போறீங்க. கடைக்காரர் உங்க மூஞ்சியை ஞாபகம் வச்சுக்கிறார். அடுத்த தடவை 'அண்ணே, அன்னிக்குப் பார்த்தீங்களே, அது வேணுமா'ன்னு கேக்கறார். அவ்வளவுதான் குக்கி. நீங்க மறுபடி போனா மறுபடி வரும்."

"நான் போன கடை மண்டபத்துக்காரன் கடை. மேளக்காரன் கடைக்கு நான் எப்போ போனேன்?"

"மண்டபத்துக்காரர் சொல்லியிருப்பார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்! பரப்புறான்!"

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பூட்டுக்கடைக்காரருக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். கடையிலிருந்து இருப்பதிலேயே பெரிய பூட்டைக் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் இருந்த அலமாரிக்குத் தாழ்ப்பாள் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி இடுப்பில். காலையில் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. திறந்து, நிம்மதியாகச் செய்தி படித்துவிட்டு, ஸ்கேன் போட்டார்.

வந்திருந்தது.

"என் பூட்டையா?" என்றார். அவர் குரல் இடறியதை மனைவி அன்றுதான் கேட்டாள்.

இரண்டாவது பூட்டு அறைக் கதவுக்குப் போயிற்று. அந்த அறையில்தான் துணி அலமாரியும் இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு அவர் விடிகாலையிலேயே கடைக்குப் போய்விட்டார். மகள் நேற்று உடுத்தியதையே உடுத்திக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். மனைவி கடைக்கே வந்து நின்றாள்.

"ஏங்க, உளவாளி உள்ள இருக்கான்னு பூட்டினீங்களா, நாங்க உள்ள போயிடுவோம்னு பூட்டினீங்களா?"

"யாரையும் நம்ப முடியாது."

"என்னைக்கூடவா?"

அவர் ஒரு சாவியை எடுத்து அரத்தால் ராவ ஆரம்பித்தார். அவள் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், சாயங்காலம் காப்பியில் சர்க்கரை போடவில்லை.

அப்புறம் அவர் சந்தேகம் தரகர் மேல் திரும்பியது. சம்பந்தம் கொண்டுவந்தவர் அவர்தானே. கடை வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டார்.

"மேளக்காரன்கிட்ட எவ்வளவு வாங்கினீர்?"

"எந்த மேளக்காரன்?" தரகர் விழித்தார்.

கதை முழுவதையும் கேட்டுவிட்டு, தரகர் சிறிது நேரம் மோவாயைத் தடவினார். பிறகு முகம் தெளிந்தது. "இதுக்கு ஏங்க இவ்வளவு? எனக்கு ஒரு மெக்கானிக்கைத் தெரியும். வாயைத் திறக்காத ஆள். கேட்டதை வெளியில விட மாட்டார். அனுப்பட்டுமா?"

வாயைத் திறக்காத ஆள் என்றதும் பூட்டுக்கடைக்காரருக்குப் பிடித்துப்போயிற்று.

மெக்கானிக் மறுநாளே வந்தார். தடித்த கண்ணாடி, நடுத்தர வயது, தோளில் பை. மற்ற மெக்கானிக்குகள் மாதிரி வந்ததும் வராததுமாகக் கீபோர்டைத் தட்டுகிற அவசரம் இல்லை. கம்ப்யூட்டரை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், "ம்" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"வீட்ல யார் யாரு?"

"நாங்க மூணு பேர்தான்."

"கோபம் வந்தா யாராவது மெஷினைத் தட்டறது, சாமானை வீசறது உண்டா?"

"நான் தட்டுவேன். பொண்ணு தட்ட மாட்டா. அவங்கம்மா தட்டவே வேணாம், பார்த்தாலே போதும்."

"பொண்ணு இதுல என்ன பார்க்கும்?"

"ஆபீஸ் வேலை. அப்புறம் சமையல் வீடியோ."

"நல்லா சமைக்குமோ?"

"நல்லா பார்க்கும்."

மெக்கானிக் இருமினார். பூட்டுக்கடைக்காரர் அசந்துபோனார். நோய் நாடி பார்க்கிற மாதிரி அல்லவா கேட்கிறார்! ஸ்கேன் எங்கே இருக்கிறது என்று இவரே காட்டிக் கொடுத்தார். மெக்கானிக் குக்கிகளை அழித்தார். சரியாகிவிட்டதா என்று சோதிப்பதற்காக மண்டபம், நகை, பட்டு, டூரிஸ்ட் பஸ் என்று கண்டதையும் திறந்து பார்த்தார். மறுபடி ஸ்கேன் போட்டால் பட்டியல் முன்னைவிட நீளம்.

"கூடியிருக்கே!"

"உள்ள இருக்கிறது மொத்தமும் வெளியில வரட்டும்னுதான்" என்றார் மெக்கானிக். "நாளைக்கும் வரேன்."

நாளைக்கும் வந்தார். அதற்கடுத்தும் வந்தார். ஒரு நாள் காலையில், ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், ஒரு நாள் மகள் வேலை முடிந்து களைத்து வந்த நேரத்தில். மகள் தாயிடம் முணுமுணுத்தாள்: "அம்மா, அந்த ஆள் மானிட்டரை அணைச்சுட்டு கம்ப்யூட்டர் அணைஞ்சுடுச்சுங்கறார். மவுஸைத் தூக்கிப் பிடிச்சு நகர்த்தறார்."

"பதறாம வேலை செய்யறவர்" என்றார் காது கூர்மையான அப்பா. "உன்னை மாதிரி டக்கு டக்குனு தட்டறவர் இல்ல. எனக்கு இந்த ஊர்ல நம்பிக்கையான ஆள் இவர் ஒருத்தர்தான்."

நம்பிக்கை வந்துவிட்டால் பூட்டுக்கடைக்காரருக்கு நாக்கு நிற்காது. இத்தனை வருசமாகப் பூட்டிக்கிடந்த நாக்கு. சம்பந்த விஷயத்தையே எடுத்துப் போட்டார்.

"பையன் வீட்டார் மேலயே எனக்குச் சந்தேகம்தான். பையனோட அப்பா பசு மாதிரி, பேசத் தெரியாது. ஆனா அந்தம்மா இருக்கே, காப்பி குடிச்சுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சுது. அது சிரிப்பா? மார்க் போடறது! அதை எப்படித்தான் வளர்த்தாங்களோ, கூடப் பொறந்தவங்க என்ன பாடு பட்டாங்களோ!"

மெக்கானிக்குக்குக் காப்பி புரையேறிற்று. கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. மகள் தண்ணீரோடு ஓடி வந்தாள். துணியால் மேசையைத் துடைத்தாள்.

"அப்பா பேசறதை மனசுல வச்சுக்காதீங்க சார். துருப்பிடிச்ச பூட்டு மாதிரி. கத்தும். ஆனா திறந்துடும்."

மெக்கானிக் தண்ணீரைக் குடித்துவிட்டு அந்தப் பெண்ணையே சிறிது நேரம் பார்த்தார். "ம்" என்றார்.

பையன் வீட்டிலிருந்து தகவலே இல்லை. மகள் போன் மணிக்குத் திரும்புவதையும் விட்டுவிட்டாள். அதைப் பார்த்த பூட்டுக்கடைக்காரர் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். ஸ்கேன் போட்டார். குக்கிகள் வரிசை கட்டி நின்றன. பக்கத்தில் நின்ற மெக்கானிக், "இன்னும் கொஞ்சம் பார்க்கணும்" என்றார்.

"பார்த்தது போதும்!" பூட்டுக்கடைக்காரர் எழுந்தார். கடைப்பையிலிருந்து கம்பி வெட்டியை எடுத்தார். இன்டர்நெட் வயரைப் பிடித்து இழுத்து, நறுக்கென்று வெட்டிவிட்டார்.

அடுத்த அறையில், வீட்டிலிருந்தே ஆபீஸ் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த மகளின் குரல் நின்றது. மடிக்கணினியோடு அவள் வாசலில் வந்து நின்றாள். வெட்டிய வயரைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அப்பா, இந்தச் சம்பந்தம் நின்னா, அது குக்கியால நிக்காது" என்றாள் மெதுவாக.

பூட்டுக்கடைக்காரர் கம்பி வெட்டியைக் கீழே வைத்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து, வெட்டிய வயரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் திருகிப் பார்த்தார். ஒட்டவில்லை. மகள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அவர் தட்டில் ஒரு கரண்டி சோறு கூடப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் தரகர் வந்தார். வாசலிலேயே பல்லெல்லாம் தெரிந்தது.

"சம்மதம் சொல்லிட்டாங்க!"

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. மனைவி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள், கதவு மட்டும் லேசாக ஆடியது.

பூட்டுக்கடைக்காரருக்கும் நெஞ்சு லேசாயிற்று. ஆனால் லேசானதைக் காட்டிக்கொள்கிற ஆளா அவர்? "எப்படிச் சொன்னாங்க?" என்றார் கண்ணை இடுக்கிக்கொண்டு. "நம்ம தெருவுக்கு ஒரு ஆள் வந்து விசாரிக்கல. கடைப்பக்கம் ஒருத்தர் எட்டிப் பார்க்கல. விசாரிக்காம சம்மதம் சொல்றவங்க எப்படிப்பட்டவங்க?"

"விசாரிக்காமலா?" தரகர் சிரித்தார். "நல்லா விசாரிச்சாங்க. பொண்ணு தங்கம், அம்மா அதுக்கு மேல, அப்பாவைக் கல்யாணத்துக்கு அப்புறம் சமாளிச்சுக்கலாம்னு முடிவு பண்ணினாங்க."

"யார் விசாரிச்சது?"

"நான் மெக்கானிக்குன்னு அனுப்பினேனே, அவருக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு எழவும் தெரியாதுங்க. அவர் மாப்பிள்ளையோட தாய்மாமன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

பூட்டுக்கடைக்காரர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"ஏங்க, எங்க கிளம்பிட்டீங்க?"

"மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து இது நிஜமான்னு கேக்கறேன்" என்று படியிறங்கினார். "அவர் ஒருத்தர்தான் நம்பற மாதிரி ஆள். இந்தத் தரகர் மேல எனக்கு முதல்ல இருந்தே சந்தேகம்."